காதுச் சீழ்தானே என்று விட்டுவிடாத டொக்டருக்கு



எங்கள் வன்னியில் பிள்ளையின் காதால் சீழ் வடிந்தால் ஆரும் பெரிதாகக் கலங்குவதில்லை. குளத்தில் முழுகியிருப்பான், தண்ணீர் போயிருக்கும் என்பார்கள். துளிமருந்து விட்டால் காயும், பிறகும் வடியும். என் மகனுக்கும் அப்படியே நாள் போனது. நீங்கள்தான் காதுக்குள் பார்த்ததோடு நிற்காமல் காதுக்குப் பின்னாலும் தடவிப் பார்த்தீர்கள். எலும்பு தட்டுப்படவேண்டிய இடம் மெத்தென்று வீங்கியிருந்தது. "இது வழமையான காதுக் கிருமி மாதிரித் தெரியேல்லை அம்மா, ஸ்கான் எடுப்பம்" என்றீர்கள்.

காதைச் சுற்றியுள்ள எலும்பு அரித்துப்போயிருந்தது ஸ்கானில் தெரிந்தது. அதை வைத்தே நீங்கள் முடிவுகட்டவில்லை. காதுக்குள் வளர்ந்திருந்த சதையில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். என் பிள்ளையைக் காப்பாற்றியது அந்தத் துண்டுதான். நாட்பட்ட சீழும் எலும்பை அரிக்கும் என்பதால் ஸ்கான் மட்டும் ஏமாற்றிவிடும். சதையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சிடி1ஏ, லாங்கரின் என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமூட்டிப் பார்த்தால்தான் மகனுக்கு இருந்த நோய் பிடிபடும். அதைச் செய்த நோயியல் நிபுணரின் முகத்தை நான் கண்டதில்லை. அவருக்கும் ஆய்வுகூடத்தில் நின்றவர்களுக்கும் என் நன்றி.

லாங்கர்ஹான்ஸ் கல ஹிஸ்ரியோசைற்றோசிஸ் என்று பெயரைச் சொன்னீர்கள். பத்து இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு நாலைந்து பேருக்குத்தான் வருமாம். பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் 1868இல் தோலில் கண்டு எழுதிய கலங்களின் பெயர் அது. அவற்றை ஒத்த கலங்களே இந்த நோயில் பெருகுகின்றன என்று பிரான்சில் நெசெலோஃப் குழுவினர் 1973இல் காட்டினார்கள். அவர்களுக்கும் வன்னியில் ஒரு தாய் கடன்பட்டிருக்கிறாள்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தந்தீர்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம், தெரியாத மொழி. ஆனாலும் அங்கிருந்த தாதிமார் மகனைத் தங்கள் பிள்ளைபோல் பார்த்தார்கள். வின்பிளாஸ்ரின் ஊசியும் பிரெட்னிசொலோன் குளிசையும் ஆறு கிழமை தந்தார்கள். பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கா ஊசி. ஆறு மாதத்தோடு நிறுத்த ஏலாதா என்று கேட்டேன். 12 மாதம் கொடுத்த பிள்ளைகளில் நோய் திரும்புவது குறைவு என்று 2013இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வைச் சொல்லிப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். இந்த நோய் மூளையடிச் சுரப்பியையும் தாக்கலாம், மகன் கூடத் தண்ணீர் குடிக்கிறானா, அடிக்கடி சலம் போகிறானா என்று கவனியுங்கோ என்றும் சொன்னார்கள். இன்றைக்கும் கவனிக்கிறேன்.

காதின் சின்ன எலும்புகள் பழுதானதால் அந்தப் பக்கம் கேள்வி குறைவு. வகுப்பில் முன்வாங்கில் இருத்தியிருக்கிறார்கள். சீழ் இல்லை, வீக்கம் இல்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாத் தாய்மாரே, மருந்துக்கும் அடங்காமல் பிள்ளையின் காது வடிந்தால், காதுக்குப் பின்னால் வீங்கினால், காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. எலும்பையும் ஒருக்காப் பாருங்கோ என்று வாய்விட்டுக் கேளுங்கோ.