வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்னையரே!

பொறுமையே பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லித்தான் நம் இல்லங்களில் பெண்மக்களை வளர்க்கிறோம். ஆயினும், உடலின் துன்பத்தை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது மகப்பேற்று அறுவை அரங்கு.

எங்கள் மருமகளுக்குச் சிசேரியன் செய்ய வேண்டும் என்றபோது, 'முதுகில் ஊசி' என்ற சொல்லே எங்களை அஞ்சச் செய்தது. மயக்கமருந்து மருத்துவர் எங்களை அமரவைத்து விளக்கினார். அவரிடம் நாங்கள் கற்றதை எல்லாக் குடும்பங்களும் அறிதல் நலம்.

1898-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் மருத்துவர் கையாண்ட முறை இது. தண்டுவட நீரில் மருந்து கலந்ததும் வலி மறைகிறது. அதனுடன், இரத்தக் குழாய்களை இறுக்கிவைக்கும் நரம்புகளும் சிறிது நேரம் ஓய்ந்துவிடுகின்றன. குழாய்கள் தளர, இரத்த அழுத்தம் இறங்குகிறது. மல்லாந்து படுத்தால், நிறைமாதக் கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துவதால் இறக்கம் இன்னும் மிகும். தாயின் அழுத்தம் மிகக் குறைந்தால் சேய்க்குச் செல்லும் பிராணவாயுவும் குறையும் அன்றோ?

இதற்கு மருத்துவர்கள் ஆயத்தமாகவே இருக்கின்றனர். தாயைச் சற்று இடப்புறம் சாய்த்துக் கிடத்துவர். நரம்பு வழியே 'டிரிப்ஸ்' ஏற்றுவர். அது மட்டும் போதாது. குழாய்களை இறுக்கும் மருந்தும் வேண்டும். முன்னாளில் எபிட்ரின் பெரிதும் வழங்கியது. அது நச்சுக்கொடியைக் கடந்து சேயையும் எட்டும். 2018-இல் வெளியான பன்னாட்டு மருத்துவர்களின் அறிக்கை பினைலெப்ரினைப் பரிந்துரைத்தது. அழுத்தம் இறங்கும்வரை காத்திராமல் முன்னரே மருந்து செலுத்தவும், மேல் அழுத்தம் தொடக்க அளவில் 90 விழுக்காட்டிற்குக் குறையாமல் காக்கவும் அது அறிவுறுத்தியது. 120 இருந்தவருக்கு அது 108 ஆகும்.

கருவிகள் அளந்துகொண்டே இருந்தாலும், குமட்டலும் தலைசுற்றலும் முந்திக்கொண்டு அறிவிப்பதுண்டு. தாய் விழித்திருக்கிறாள், அவள் சொன்னால்தான் தெரியும். எங்கள் மருமகள் "குமட்டுகிறது" என்று உடனே சொன்னாள். மருந்து செலுத்தியதும் தெளிந்தாள். "நீங்கள் சொல்லி அனுப்பினீர்களே, அத்தை, அதனால்தான் வாய் திறந்தேன்" என்று பின்னர் கூறினாள். பேரனும் நலம்.

எனவே பெற்றோரே, கணவன்மாரே! மகளை, மனைவியை அறுவை அரங்கிற்கு வழியனுப்பும்போது "பொறுத்துக்கொள்" என்னாதீர்கள். "எதுவாயினும் உடனே சொல்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல் இரண்டு உயிர்களுக்குக் காவலாகும்.