ஆடு தின்னாத வேலி

முசலியிலே தோட்டம் வைக்க முனைபவனின் முதற் கவலை மழையைப் பற்றியதன்று, ஆட்டைப் பற்றியது. கட்டாக்காலி ஆடுமாடுகளின் வாய்க்குத் தப்பி ஒரு பூஞ்செடி தழைப்பது இங்கே அரிது. நான் நட்ட செம்பரத்தைகள் யாவும் அடிக்கட்டையாக நின்ற பின்னர், அயலவர் ஒருவரின் சொற்கேட்டு, வளவின் முன்புறத்தே செவ்வலரி வரிசையொன்றை வைத்தேன். அரிப்பிலே தேசாதிபதி நோர்த் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த மாளிகையையே அரித்துத் தீர்க்கும் கடற்காற்றை அது பொருட்படுத்தவில்லை. தண்ணீரும் அதிகம் கேட்கவில்லை. ஆடுகள் வந்தன, மோந்தன, போயின. இரண்டே வருடத்தில் வேலி நிறையப் பூ. சுவாமி படத்துக்குப் பூக்கொய்ய என் மனைவி வேறிடம் போகவேண்டியிருக்கவில்லை.

ஆடு அதை ஏன் தின்னவில்லை என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கிறவன் நான். ஆடுதின்னாப்பாளை என்று ஒரு பூண்டுக்கே பெயரிட்டு வைத்த மொழி நம்முடையது. முன்னோர் எச்சரிக்கையாகக் குறித்து வைத்ததை நான் வேலிக்கு வாய்த்த நற்குணமாகவே கண்டேன்.

சென்ற வருடம் மாசி மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை அலரிக் கிளைகளை வெட்டி முற்றத்து மூலையிற் குவித்தேன். எங்கள் நாய்க்குட்டி வீரனுக்கு அப்போது ஐந்து மாதம். பல் விழுந்து முளைக்கும் பருவம். செருப்பு, விளக்குமாறு, மாணவரின் கட்டுரைக் கொப்பி எதுவும் அதற்கு விலக்கன்று. புதன்கிழமை மாலை, காய்ந்த அலரித் தடியொன்றை எலும்பைப்போல் இரு முன்னங்கால்களாலும் பற்றிக் கடித்துக்கொண்டிருந்தது. கண்டு சிரித்தேன். அலரியின் நஞ்சு காய்ந்தாலும் போகாது. இலை, பட்டை, பூ, வேர் அனைத்திலும் உண்டு. பூ வைத்த சாடியின் நீரிலுங்கூட இறங்கும். இவையெல்லாம் பின்னர் அறிந்தவை.

அன்றிரவு வாய்நீர் வடிந்தது. பிறகு வாந்தி. வெயிற்சூடு என்று எண்ணி இளநீர் வெட்டிப் பருக்கினோம். அதன் நெஞ்சிலே கைவைத்தபோது துடிப்பு இரண்டு அடித்து, ஒன்று தவறி, நெடுநேரம் நின்று, மறுபடி அடித்தது. விடியுமுன் நின்றேவிட்டது.

மிருகவைத்தியர் பின்னர் விளக்கினார். உப்புச் சத்துக்களை உள்ளும் புறமுமாக மாற்றி அனுப்பும் இதயத் தசையின் இயக்கத்தை அந்நஞ்சு தடைசெய்கிறது. அதனால் இரத்தத்திலே பொட்டாசியம் ஏறுகிறது. இளநீரில் நிறைந்திருப்பதும் அதே பொட்டாசியந்தான். “நீங்கள் கொடுத்ததாலே செத்தது என்று நான் சொல்லவில்லை, மாஸ்டர்” என்றார். அவர் சொல்லாமல் விட்டதே எனக்குப் போதுமாயிருந்தது. கைவைத்தியம் எதுவும் செய்யாமல், உப்புநீர் பருக்கி வாந்தியெடுப்பிக்கவும் முயலாமல், கடித்த கொப்பையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓடவேண்டுமாம்.

அதன்பின் வளவைச் சுற்றிப் பார்த்தேன். மஞ்சளலரி, எருக்கு, ஊமத்தை; கிழங்கிலே நஞ்சுடைய கார்த்திகைப்பூ; விதையை மென்றாற் கொல்லும் ஆமணக்கு. ஆமணக்கம் பிண்ணாக்கை ரோசாவுக்கு எருவாக இடுவோர், அதன் மணத்துக்கு நாய் மண்ணைக் கிளறித் தின்னும் என்பதை அறிந்திருப்பது நன்று. அலரியும் எருக்கும் ஊமத்தையும் சிவபெருமானுக்கு உகந்த மலர்கள். ஆலகாலமுண்டவருக்கு அவை ஒத்துக்கொள்ளும்.

அலரி வரிசையை வேரோடு அகழ்ந்தேன். புகையும் தீது என்பதால் எரிக்காமல் ஆழப் புதைத்தேன். பூவைப்பற்றி மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்விடத்திலே மறுபடியும் செம்பரத்தை நட்டேன். பத்தாம் நாள் ஆடு தின்றுவிட்டது. இப்போது முள்ளடைத்து மீண்டும் நட்டிருக்கிறேன்.