பின்கண்ணாடிக்கு ஒரு கொடுங்கை

எங்கள் வண்டியின் பின்கண்ணாடியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: 'என்னைக் குளிப்பாட்டவும்.'

அறந்தாங்கி கடைத்தெருவில் நிறுத்திவிட்டு மளிகை வாங்கப் போன பத்து நிமிஷத்தில் நடந்த கைங்கரியம். கையெழுத்து அழகாகவே இருந்தது. கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அன்று காலையில்தான் வண்டியைக் கழுவியிருந்தேன். முன்கண்ணாடி பளிச். பக்கத்துக் கண்ணாடிகள் பரவாயில்லை. பின்கண்ணாடி மட்டும், ஆவுடையார்கோவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கோலமாவு கொட்டிய தட்டு மாதிரி ஆகிவிட்டது.

வண்டி, எட்டு பேர் உட்காரும் ஜாதி. பழைய டீசல். பெட்டி மாதிரி நிமிர்ந்த முதுகு, கடைசியில் எதிரெதிராக இரண்டு குட்டி பெஞ்சு. 1994-ல் டாடா சுமோ வந்து, 2000-ல் குவாலிஸும் பொலேரோவும் வந்த பிறகு, நம் பக்கத்தில் குடும்பம் என்றால் இந்த மாதிரி வண்டிதான் என்று ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான்.

காருக்கு அலங்காரப் பொருள் விற்கும் கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், எழுத்தையும் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"டிஃப்ளெக்டர் ஒண்ணு போட்டுருங்க சார். கூரை மேல ஓடுற காத்தைப் புடிச்சு அப்படியே கண்ணாடி மேல இறக்கிவிடும். தூசி ஒட்டவே ஒட்டாது."

விலை மூவாயிரத்து ஐந்நூறு. அதுகூடப் பெரிசில்லை. மாட்டுவதற்குக் கூரையில் நாலு இடத்தில் துளை போட வேண்டுமாம். மணமேல்குடி பக்கம் அடிக்கடி போகிற வண்டி. கடற்கரை உப்புக்காற்றுக்குத் துளை கிடைத்தால் போதும், துரு வந்து குடியேறிவிடும். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி நழுவினேன்.

வீட்டில் கேட்டேன். "வண்டி வாங்கக் குடுத்த காசைக் கோயிலுக்குப் போட்டவரோட ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, நீங்க கோயிலுக்குப் போற வண்டிக்குக் காசு போடணும்கிறீங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னது மாணிக்கவாசகரை. பாண்டிய மன்னன் குதிரை வாங்கிவரக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோவிலில், கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் என்பது புராணம். அந்தக் காலத்து வாகன பட்ஜெட்!

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். தூசி ஏன் முதுகில் மட்டும் ஒட்டுகிறது?

டவுன் பஸ் போன பிறகு ரோட்டைக் கவனித்திருப்பீர்கள். சருகும் காகிதமும் பஸ் பின்னாடியே கொஞ்ச தூரம் ஓடும். கூரை மேல் வேகமாக வருகிற காற்று, முதுகு செங்குத்தாக முடிகிற இடத்தில் மடங்கி இறங்க முடியாமல் பிய்த்துக்கொண்டு போகிறது. பின்னால் அழுத்தம் குறைந்து ஒரு பள்ளம் மாதிரி ஆகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் காற்று சுழன்று வரும்போது, சக்கரம் கிளப்பிய புழுதி, சைலன்சர் கக்கிய புகை எல்லாவற்றையும் தூக்கிவந்து கண்ணாடியில் பூசிவிடுகிறது. டிக்கி வைத்த காருக்குப் பின்கண்ணாடி சரிவாக இருப்பதால் தொல்லை குறைவு. நம் மாதிரி வண்டிகளுக்குப் பின்னால் வைப்பர் இருக்க, அவற்றில் பெரும்பாலும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

காற்று தள்ளுவது மட்டுமல்ல, இழுக்கவும் செய்யும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வந்த ராத்திரி, தகரக் கூரைகள் உள்ளே நசுங்கவில்லை. மேலே தூக்கிக்கொண்டு போயின. கூரை மேல் காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும், கீழே இருக்கிற காற்று தூக்கும். வண்டி முதுகில் நடப்பது அதற்குச் சின்னத் தங்கச்சி.

என் மச்சினர் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவனிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டான்.

"மாமா, ஸ்பாய்லர் வேற, டிஃப்ளெக்டர் வேற. ஸ்பாய்லர் கூரையோட ஒட்டிக்கிட்டு அதை நீட்டிவிடும். அதுக்கும் கண்ணாடித் தூசிக்கும் பெரிசா சம்பந்தமில்லை. டிஃப்ளெக்டருக்குக் கீழே சந்து இருக்கணும். சந்து வழியா காத்து இறங்கிக் கண்ணாடியைத் துடைக்கும். ஆனா சும்மா துடைக்காது. இழுவை கூடும், மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்."

1984-ல் அகமது என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் கார் மாதிரி ஒரு மொட்டைக் கட்டையைச் செய்து, முதுகின் சரிவை மட்டும் மாற்றி மாற்றிக் காற்றில் வைத்துப் பார்த்தார்களாம். முப்பது டிகிரி பக்கம் வரும்போது இழுவை எக்கச்சக்கமாக ஏறி, அதைத் தாண்டினதும் சடாரென்று இறங்கியதாம். முதுகின் வளைவில் அவ்வளவு சமாச்சாரம்!

இதைக் கேட்டபோது எனக்கு ஆவுடையார்கோவில் கொடுங்கைதான் ஞாபகம் வந்தது. கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல் தாழ்வாரம். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் எல்லாமே கல்லில். இதைப்போல் இன்னொன்று செய்ய முடியாது என்பதால், அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போதே அந்தக் கொடுங்கையை விலக்கிவிட்டுத்தான் மற்றதற்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்வது வழக்கம். ஆனால் அடிப்படையில் அதன் வேலை என்ன? மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வது. டிஃப்ளெக்டரும் ஒரு கொடுங்கைதான், காற்றுக்கான கொடுங்கை. மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு கொடுங்கை மலிவுதானே என்று மனசு ஆசைப்பட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிரலாம் மாமா" என்றான் பையன்.

தையல்மிஷின் நூல்கண்டு ஒன்றை எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் வரிசையாக டேப் போட்டு ஒட்டினான். காற்று எந்தப் பக்கம் போகிறதோ நூல் அந்தப் பக்கம் பறக்கும். பெரிய கம்பெனிகளும் இப்படி நூல்குஞ்சம் ஒட்டிப் பார்ப்பது உண்டாம். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தான். எதிர் பெஞ்சில், வழக்கம்போல், அம்மா.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. மாசத்துக்கு ஒரு தடவை ஆத்மநாதரைப் பார்க்க வேண்டும். கொடிமரம், நந்தி இல்லாத சந்நிதி. புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் பரப்பி வைப்பார்கள். அந்த ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். வண்டியில் எப்போதும் கடைசி பெஞ்சுதான். "நடு சீட்டுல பிள்ளைகள் உக்காரட்டும்ப்பா" என்பாள். ஊர் வருவதற்குள் முகம் வாடிவிடும், தலைவலிக்கும். வயசாகிவிட்டது, பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு கட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தோம்.

அறுபதில் போனேன். நூலெல்லாம் கீழ்நோக்கித் தொங்காமல் மேல்நோக்கி நின்று ஆடின. நாற்பதுக்கு வந்தால் சோம்பல். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்கு. சந்தும் வளைவும் ஸ்பீடு பிரேக்கரும் உள்ள எங்கள் ரோட்டில் முக்கால்வாசி நேரம் நாற்பதுதான். டிஃப்ளெக்டர் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதை அவன் விளக்கி முடித்திருக்கலாம். அதற்குள், "மாமா, நிறுத்துங்க. தலை சுத்துது" என்றான். இறங்கி வேலியோரம் உட்கார்ந்தான். இருபது வயசுப் பையன், இருபது நிமிஷப் பயணம்.

"பின்னாடி புகை வாடை அடிக்குது. உங்களுக்கு முன்னாடி தெரியலியா?"

அம்மா அவன் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். "கொஞ்ச நேரத்துல பழகிரும் ராசா. எனக்குப் பழகிருச்சுல்ல?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆறு வருஷமாக அந்த பெஞ்சில் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

மெக்கானிக் பாய் பின்கதவைத் திறந்தார். ஒரு பழைய பில் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு இடத்தில் அதே கதை.

"ரப்பர் பீடிங் செத்துப்போச்சு சார். காகிதம் வந்தா காத்தும் வரும். காத்து வந்தா புகையும் வரும்." கீழே படுத்துப் பார்த்தார். சைலன்சர் குழாய் இணைப்பில் கரி படிந்த ஒரு கசிவு. "மொதல்ல ஓட்டையை அடைங்க. காத்தை அப்புறமா திருப்பலாம்."

தூசியைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்தவனுக்கு அந்தப் பள்ளம் கண்ணாடியோடு நிற்காது, இடுக்கு கிடைத்தால் உள்ளே வரும் என்று தோன்றவில்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். டீசலில் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வருவதால் 'பயணம் ஒத்துக்கலை' என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழைத்தாரும் கட்டிலும் ஏற்றிப்போவது ஆபத்து. கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால் ஏ.சி. விசிறியை வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து வேகமாக ஓடவிட வேண்டும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடும், புகை நுழைவது குறையும். ஆனாலும் அது முழுப் பாதுகாப்பு இல்லை.

பீடிங், குழாய் வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். டிஃப்ளெக்டர் வாங்கவில்லை. துளையும் போடவில்லை. பின்கண்ணாடிக்கு வைப்பரும் ஒரு பழைய துணியும் போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாசம் கோயிலுக்குப் போகும்போது அம்மாவை வம்படியாக முன்சீட்டில் உட்காரவைத்தேன். பெல்ட் போட்டுவிட்டதும் கூச்சப்பட்டாள். ஊரைத் தாண்டினோம். கண்மாய், வயல், தென்னந்தோப்பு. எலுமிச்சம்பழம் மடியிலேயே கிடந்தது.

"ஏம்ப்பா, இந்த ரோடு இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றாள்.

திரும்பி வந்து பார்த்தால் பின்கண்ணாடியில் வழக்கம்போல் தூசி. இருக்கட்டும். எழுத வருகிறவர்களுக்கும் இடம் வேண்டாமா?