கழுதைத் தபாலுக்கு முந்திய கடிதம்

கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு, அரிசோனா
அக்டோபர், இரவு



இந்தக் கடிதத்தை எழுதுகிறவர் விடுதியின் மாடிப்படிகளை இப்போது முதுகு காட்டித்தான் இறங்குகிறார். கூட ஓடிய கூட்டாளி அதுவும் மாட்டேன் என்று கட்டிலிலேயே காப்பி கேட்கிறார். எல்லாம் ஒரு 27 கிலோமீட்டர் செய்த வேலை: சவுத் கைபாப் பாதையில் இறங்கி, கொலராடோ ஆற்றைத் தாண்டி, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறி மறுபடி விளிம்புக்கே வரும் சுற்று. இரண்டு பாதைமுகங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பூங்காவின் இலவசப் பேருந்து பார்த்துக்கொள்கிறது.

மலையில் ஓடினால் ஏற்றம் முதலில் முடிந்துவிடும். இங்கே தலைகீழ். சுமார் 1,460 மீட்டர் இறக்கம் விடியற்காலைக் குளிரில், கால்கள் துள்ளும்போது. ஏற்றமோ களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு. ஆற்றுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயலாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் பலகை வைத்தே எச்சரிக்கிறது. கோடையில் அடிவாரத்து வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இருவரும் அக்டோபருக்குக் காத்திருந்தது அதனால்தான்.

சவுத் கைபாப் பாதை முகட்டோடே போகிறது. நிழல் கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது பிறந்ததே ஒரு சுங்கச் சண்டையில். ரால்ஃப் கேமரன் என்ற அரசியல்வாதி பிரைட் ஏஞ்சல் பாதையைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு டாலர் வசூலித்துவந்தார். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று பூங்காக்காரர்கள் 1924-25-ல் வேறு பாதையே வெட்டிவிட்டார்கள். வெட்டியது கோவேறு கழுதைகளுக்காக. குறுக்கே பதித்த கட்டைகளின் இடைவெளி மனிதக் காலடிக்கு ஒத்துவருவதில்லை; ஒன்றுக்கு இரண்டடி வைத்துத் தடுமாற வேண்டும். வழியில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரும்முன்பே கழுதை மூத்திர வாடை வந்துவிடுகிறது. எதிரே கழுதை வரிசை வந்தால் சரிவின் உள்பக்கம் ஒதுங்கி, ஓட்டுபவர் சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நின்றார்கள். ஏழு கழுதைகள், ஆறு மூட்டைகள், ஒன்றும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் உள்ள சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. ஆற்றோரத்துக் கறுத்த பாறைக்கு சுமார் 175 கோடி. பெயர் விஷ்ணு ஷிஸ்ட்! கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களில் இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு, சிவா என்று பெயரிட்டார். அந்த மோகம் பாறைவரை இறங்கியிருக்கிறது.

ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் கறுப்புத் தொங்குபாலம். 1928-ல் முடிந்தது. அதன் முக்கியக் கம்பிவடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை, 150 மீட்டருக்கு மேல் நீளம். கழுதையில் ஏற்ற முடியாது. 42 பேர், பெரும்பாலும் ஹவசுபாய் பழங்குடியினர், ஒற்றை வரிசையாகத் தோளில் சுமந்து இறங்கினார்கள். முன்னே போகிறவர் ஒரு வளைவில், பின்னே வருகிறவர் மேல் வளைவில். ஓடிவந்த இருவர் முதுகில் இருந்ததோ இரண்டு லிட்டர் தண்ணீரும் உப்புக்கடலையும்.

பாலத்துக்கு அப்பால் பான்டம் ராஞ்ச். 1922-ல் மேரி கோல்டர் வடிவமைத்த கல் குடில்கள், அங்கே ஒரு கேன்டீன். அரிசி, பருப்பு என்று எல்லாமே கழுதை முதுகில் வருவதால் எலுமிச்சைச் சாற்றின் விலையைப் பார்த்து வாயைத் திறக்கக் கூடாது. திறக்காமல் ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தார்கள். அங்கே அஞ்சலட்டை எழுதிப் போட்டால், கேன்யனின் அடியிலிருந்து கழுதையில் வந்த தபால் என்ற முத்திரையோடு மேலே ஏறும்.

திரும்பும் பாதையில் பாதி ஏற்றத்தில் ஹவசுபாய் கார்டன்ஸ்: நீரோடை, காட்டன்வுட் மர நிழல். முன்பு அதற்கு இந்தியன் கார்டன் என்று பெயர், 2022-ல் மாற்றினார்கள். அங்கே பயிர் செய்து வாழ்ந்த ஹவசுபாய்களில் கடைசி ஆளைப் பூங்கா வெளியேற்றியது 1928-ல். ஆம், வடம் சுமந்த அதே ஆண்டு. பெயரைத் திருப்பிக் கொடுக்க 94 ஆண்டுகள் ஆயின.

அதற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான ஏற்றத்தை ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜிம் வாம்ஸ்லி என்ற ஓட்டக்காரர் 2016-ல் விளிம்புக்கு விளிம்பு போய்த் திரும்பும் முழு தூரத்தையும் 5 மணி 55 நிமிடத்தில் முடித்தார்; அவர் வேறு பிறவி. மூன்று மைல் ஓய்விடத்துக்குச் சற்று மேலே கூட்டாளிக்குத் தொடை இழுத்துக்கொண்டது. காலையில் தாவித் தாவி இறங்கியதற்கு வட்டி. சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு, உப்புக்கடலையை மென்று, இருபது எட்டு நடப்பதும் நிற்பதுமாக மேலே வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை.

கீழே எழுதிப் போட்ட அட்டை இன்னும் வழியில்தான் இருக்கும். வந்தால் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருப்பி முத்திரையைப் பாருங்கள்.