தை முகூர்த்தமும் தடுப்புச் சுவரும்

நீலகிரியில் புது வீடு கட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், புகார் அநேகமாகத் தாமதத்தில்தான் தொடங்கும். சித்திரையில் சாவி தருகிறேன் என்ற காண்ட்ராக்டர் ஐப்பசியிலும் சென்ட்ரிங் பலகையைக் கழற்றவில்லை, ஆள் வரவில்லை, ஜல்லி லோடு வரவில்லை, போனை எடுப்பதில்லை. அடுத்து வருபவை கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடி வருகிறது, டைல்ஸ் கோணலாக இருக்கிறது, சுவிட்ச் பெட்டி கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எல்லாமே நியாயமான புகார்கள்தான். ஆனால், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவருக்காகவோ, அஸ்திவாரத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் எந்த வழியில் போகும் என்பதற்காகவோ யாரும் சண்டை போட்டதாகக் கேட்பது அரிது. மலையில் வீடு கட்டுகிற நம் கோபம் தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் வாதம். தாமதமும் பிழையும் ஒரே காண்ட்ராக்டரின் இரண்டு குற்றங்கள் என்று நாம் சேர்த்தே எண்ணுகிறோம். இந்த மலையில் பல நேரங்களில் ஒன்றுக்குக் கொடுக்கும் விலைதான் மற்றொன்று. தாமதத்தைத் தாங்க முடியாத நம் அவசரமே பிழையைச் சம்பளம் கொடுத்து வரவழைக்கிறது.

மலையின் நாட்காட்டியைப் பார்த்தால் இது விளங்கும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நடுவில் இருக்கும் ஊட்டி இரண்டிலும் நனையும். மழை ஓய்ந்ததும் டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி. மண் காய்ந்து, போட்ட கலவை ஒழுங்காக இறுகும் காலம் பிப்ரவரி முதல் மே வரைதான். அதிலும் மே மாதம் சீசன் என்பதால், சுற்றுலா வண்டிகளுக்கு வழிவிட லாரிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். சிமெண்டும் கம்பியும் மணலும் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வர வேண்டியவை. பர்லியார் பக்கம் ஒரு பாறை உருண்டாலே அன்றைய லோடு கீழேயே நின்றுவிடும். இந்த நாட்காட்டியின் மேல் நாம் நம் நாட்காட்டியைக் கொண்டுபோய் வைக்கிறோம். ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது, எனவே தையில் பால் காய்ச்ச வேண்டும். தை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ரூஃப் கான்கிரீட், மார்கழியில் பூச்சு, பெயிண்ட் என்று வந்து நிற்கும். அதாவது கொட்டும் மழையில் கான்கிரீட், கடுங்குளிரில் பூச்சு. நனைந்த கல்லின்மேல் பூச்சு, காயாத பூச்சின்மேல் பட்டி, அதன்மேல் பளபளவென்று பெயிண்ட். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பாராட்டுவார்கள். அடுத்த ஆடிக்குள் அறை மூலைகளில் பெயிண்ட் உரிந்து கரும்பூசணம் படர்ந்திருக்கும். காண்ட்ராக்டர் மட்டமான பெயிண்டை அடித்துவிட்டார் என்று அப்போது திட்டுவோம். அவர் மேல் தவறு உண்டு, பெயிண்டில் அல்ல, அந்தத் தேதிக்குத் தலையாட்டியதில்.

சிமெண்டின் கணக்கும் இதையேதான் சொல்கிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிவதால் இறுகுகிறது, குளிர் கூடக்கூட அந்த வினை மெதுவாகிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, முட்டுகளை எத்தனை நாள் விட்டுவைக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். நம் மேஸ்திரிகள் பலருக்கு இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் அதே பத்தியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் போட்டு, சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி இரவுகள் அதற்குக் கீழேதான். கடையில் இன்று அதிகம் விற்பதோ சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அது தொடக்கத்தில் இன்னும் மெதுவாக வலுவேறும். கோவையில் செல்லும் கணக்கு ஊட்டியில் செல்லாது. இன்னொரு நடைமுறையும் உண்டு. பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை. சீக்கிரம் கழற்றினால் காண்ட்ராக்டருக்கு லாபம், சீக்கிரம் கழற்றச் சொல்லி நச்சரித்தால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. எதிரெதிர் பக்கம் இழுத்து ஒருவரையொருவர் கண்காணிக்க வேண்டிய இரண்டு பேர் ஒரே பக்கம் இழுக்கும்போது அந்தத் தளத்துக்காகப் பேச ஆளே இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது தடுப்புச் சுவர். நீலகிரியின் பாறைக்கு மேலே பல மீட்டர் ஆழத்துக்கு மட்கிய செம்மண் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அது நிற்கும். தண்ணீர் உள்ளே ஏறினால் கனமும் கூடும், பிடிப்பும் போகும். சுவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் மட்டுமே மூன்று டன் எடையோடு தள்ளும். மண்ணின் அழுத்தம் அதற்கும் மேல். அந்தத் தண்ணீரை வெளியே விடுவதற்குத்தான் சுவரில் துளைகள் விடுகிறோம். சரியான துளை என்றால், குழாய் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவி, வெளிப்பக்கம் சற்றே சரிந்து, பின்முனையில் ஜல்லியால் சூழப்பட்டிருக்க வேண்டும். மண் கரைந்து வந்து அடைக்காதபடி ஜல்லிதான் வடிகட்டும். அவசரத்தில் கட்டிய சுவரில் நடப்பது வேறு. முகப்பில் ஒரு சாண் குழாய்த் துண்டைச் செருகிவிட்டு, பின்னால் வெட்டிய மண்ணையே ஜல்லியில்லாமல் தள்ளி மூடிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சுவரும் ஒன்றுபோலவே வரிசையாகத் துளைகளோடு நிற்கும். வித்தியாசம் மழை பெய்த மறுநாள் தெரியும். நல்ல சுவரின் துளைகளில் தண்ணீர் சொட்டும், சுவர் வெளுத்திருக்கும். மற்றதில் துளைகள் வறண்டிருக்கும், சுவர் மட்டும் கறுத்து ஊறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டாம், குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிற வீட்டுக்காரர் போதும்.

இது வெறும் அச்சம் அல்ல. 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வாரத்து மண்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு மழை பெய்தால் எதுதான் நிற்கும் என்று கேட்கலாம். கேள்வி சரி, ஆனால் எல்லாச் சரிவும் தேயிலைத் தோட்டத்திலோ சோலையிலோ நிகழவில்லை. சரிவின் அடிவாரத்தை வெட்டியது, ஓடைப் பாதையை மறித்துக் கட்டியது, வடிகால் இல்லாதது என்று மனிதக் கை பட்ட காரணங்களும் அன்று சுட்டப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சி 911 மில்லிமீட்டரோடு அந்த அளவையும் தாண்டியது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று எதையும் இனி ஒதுக்கிவைக்க முடியாது. மழையே இல்லாத காலத்திலும் வெட்டிய மண் ஆபத்துதான். 2024 பிப்ரவரி 7 அன்று லவ்டேல் அருகே ஒரு வீட்டு வேலையில் மண் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து பெண் தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். பிழையின் விலையைக் கொடுப்பவர் எப்போதும் வீட்டுக்காரர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் கொடுப்பவர், சட்டி சுமந்து பள்ளத்தில் நிற்கும் சித்தாள்.

1993-இல் வந்த மலை நகரக் கட்டட விதிகள் கட்டடத்தின் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்தின. ஊரின் அழகைக் காக்கவும் சரிவின் பாரத்தைக் குறைக்கவும் வந்த நல்ல விதி. ஆனால் மேலே போக முடியாதபோது, இன்னும் ஓர் அறை வேண்டும் என்கிற ஆசை பக்கவாட்டிலும் கீழேயும் சரிவைக் குடையத் தொடங்குகிறது. படுகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் மலையின் மட்டத்தை ஒட்டி வரிசையாக, சரிவு மென்மையான இடமாகப் பார்த்து அமைந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் லயன்களும் பல இடங்களில் அப்படித்தான். இன்று விற்பனைக்கு வரும் ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகள் பெரும்பாலும் மிச்சம் கிடந்த செங்குத்தான துண்டுகள். அந்த மனையில் சமவெளி வீட்டின் வரைபடத்தை வைக்க வேண்டுமானால் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். பிழை அங்கேயே, காண்ட்ராக்டர் வருவதற்கு முன்பே, வரைபடத்தில் தொடங்கிவிடுகிறது.

தாமதத்தை இவ்வளவு லேசாகச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. இந்த மலைக்குத் தாமதம் புதிதல்ல; மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் போடும் யோசனை 1854-இல் வந்தது. வேலை தொடங்கியது 1891-இல். முதலில் எடுத்த கம்பெனி பணமின்றிக் கவிழ்ந்து, 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் பாதை முடிந்தது. அந்தத் தாமதம் இன்று யாரையும் உறுத்தவில்லை. ஆனால் ரயில்பாதை வாடகை கொடுப்பதில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வங்கிக்கு வட்டியும் கட்டும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம். இதற்கிடையில் சிமெண்ட் விலையும் ஏறும், வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வருவதும் நிச்சயமில்லை. இதை மறுக்க முடியாது. என் பதில், அந்த நஷ்டத்தை முதல் நாளிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும் என்பது. இந்த மலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு கோடை தேவை. முதல் கோடையில் மண் வெட்டு, தடுப்புச் சுவர், அஸ்திவாரம். ஒரு மழைக்காலம் முழுவதும் சுவரின்மேல் பெய்து அதைச் சோதிக்கட்டும். இரண்டாவது கோடையில் சுவரும் ரூஃபும் பூச்சும். ஒரே ஆண்டில் முடிப்பதாக எஸ்டிமேட் போட்டுவிட்டு இரண்டு ஆண்டு இழுப்பதைவிட, இரண்டு ஆண்டு என்று தெரிந்தே கடன் தவணையையும் வாடகையையும் திட்டமிடுவது செலவு குறைந்தது. வெடித்த தடுப்புச் சுவரை, மேலே வீடு நிற்கும்போது இடித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவோடு அந்த வாடகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மழையின் பெயரைச் சொல்லி நான்கு இடத்தில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, இந்த சைட்டிலிருந்து அந்த சைட்டுக்கு ஆட்களை நகர்த்தும் காண்ட்ராக்டருக்கு இது வசதியாகிவிடாதா? ஆகிவிடும், இரண்டு தாமதத்தையும் பிரித்துப் பார்க்காவிட்டால். மழை நாளில் வேலை நிற்பது மலையின் தாமதம். வெயில் காயும் மாசி மாதத்தில் சைட் வெறிச்சோடிக் கிடப்பது மனிதனின் தாமதம். ஒரு நோட்டில் தேதி, வானிலை, வந்த ஆட்கள், நடந்த வேலை என்று நான்கு கட்டம் போட்டு அன்றன்று எழுதி, வாரத்துக்கு ஒருமுறை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினால் இரண்டும் தனித்தனியே தெரியும். முதல் வகைக்கு அவகாசம் கொடுக்கலாம், இரண்டாவதற்குப் பணம் பிடிக்கலாம். பணத்தையும் மாதத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் முடிந்த கட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால், காலி சைட்டுக்குக் காசு போகாது. மண்ணுக்குள் மறையும் வேலைகளை, அஸ்திவாரக் கம்பி, துளைக் குழாய்க்குப் பின்னால் உள்ள ஜல்லி, கழிவுநீர்க் குழாயின் சரிவு எல்லாவற்றையும், மூடும் முன் படமெடுத்து வைக்க வேண்டும். காண்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை அந்தக் கட்டங்களில் மட்டும் வரவழைத்துப் பார்க்கச் சொல்வது, வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். 2016-இல் வந்த ரேரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் திட்டத்தில் வீடு வாங்கியவருக்குக் கட்டமைப்புப் பிழைகளை ஐந்தாண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் உரிமை உண்டு, கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் கட்டி விற்பவர்களுக்கானது. சொந்த மனையில் காண்ட்ராக்டரை அமர்த்தி வீடு கட்டுகிறவருக்கு அது துணை வராது. அவருக்கு இருப்பது நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்பதை லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் நிலைநிறுத்தியது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், கையில் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் இருக்க வேண்டும். இங்கே பாதி வீடுகள் வாய்ப்பேச்சிலும் ஒரு தாள் எஸ்டிமேட்டிலும் எழுகின்றன என்றால் மிகையில்லை. எனவே நீதிமன்றத்தை நம்பி இருப்பதைவிட, ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது மேல். மொத்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, முடிந்த வீட்டின்மேல் ஒரு தென்மேற்கும் ஒரு வடகிழக்கும் பெய்து ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில் இருவரும் சேர்ந்து சுவரையும் வடிகாலையும் பார்த்துவிட்டுக் கொடுப்பது. வேலையில் நம்பிக்கையுள்ள காண்ட்ராக்டர் இதற்கு ஒப்புக்கொள்வார். பதிலுக்கு அவர் கேட்கும் நான்கு மாதக் கூடுதல் அவகாசத்தையும், தையில் இல்லாமல் வைகாசியில் முகூர்த்தம் பார்ப்பதையும் அதே தாளில் நாமும் எழுதித் தர வேண்டும்.