இரண்டாவது கிண்ணம்

மாமல்லபுரத்தில் 30 வருஷம் தரையில் உட்கார்ந்து கல் கொத்தியவன் நான். கல்தூள் நெஞ்சுக்கு ஆகாதென்று முகத்தில் துண்டு கட்டிக்கொள்வேன். கெடுத்தது வேறு தூள். இடுப்பில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் 14 வருஷத்தில் தேய்ந்து, அந்தத் தூளைத் தின்னப் போன செல்கள் எலும்பையும் சேர்த்து அரித்துவிட்டன. 1962இல் ஜான் சார்ன்லி பாலிஎதிலீன் கிண்ணம் வைத்த காலத்திலிருந்தே இருக்கிற வம்பு.

"எலும்பு கம்மியா இருக்கு, ஒட்டு வைக்கணும். இனிமே சம்மணம் போட்டீங்கன்னா கழண்டுடும்," என்றார் செங்கல்பட்டு டாக்டர். முதல் தடவையும் சொன்னார்கள்தான். நான் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து கிருமி இடுப்புக்குப் போகுமாம். அப்புறம் 6 வாரம் வாக்கர், தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை.

பட்டறைக்குப் போனால், தம்பி பாதி முடிந்த சின்ன நந்தியை மேசைமேல் ஏற்றியிருந்தான். "நின்னுக்கிட்டே அடிண்ணே."

அடித்தேன். உளி வழுக்கி நந்தியின் காதில் ஒரு சில்லு போனது. பார்க்காத மாதிரி அவன் டீ வாங்கப் போனான்.