வாயில்கள் திறந்த நகரம்

அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில், மிசிசிப்பி என்னும் பேராற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது செயின்ட் லூயிஸ் மாநகரம். 1764-ஆம் ஆண்டில், விலங்குத்தோல் வாணிபம் செய்துவந்த பிரெஞ்சுக்காரர்கள் இதனை நிறுவி, தம் நாட்டு மன்னராயிருந்து புனிதராக உயர்த்தப்பெற்ற ஒன்பதாம் லூயிஸின் பெயரையே இதற்குச் சூட்டினர். நம் பங்குக் குடும்பங்களில் அமெரிக்காவில் பணிபுரியும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று பலர். நியூயார்க், வாஷிங்டன், நயாகரா என்று பார்த்துத் திரும்பும் அவர்களுள் இந்நகரை நினைப்பவர் மிகச் சிலரே. சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் கண்டு மகிழத்தக்க இடங்கள் நிறைந்ததும், அவற்றுட் பலவற்றைக் கட்டணமின்றியே காண வகை செய்திருப்பதுமான இந்நகரை நாம் இம்மாதம் சுற்றிவருவோம்.

'மேற்கின் வாயில்' என்பது இந்நகருக்கு வழங்கும் சிறப்புப் பெயர். வாயில் என்றால் சிலரை உள்ளே விடுவதும் உண்டு. சிலரை வெளியே நிறுத்துவதும் உண்டு. இவ்விரண்டையும் நாம் இங்கே காண்போம்.

முதலில் ஆற்றங்கரைக்குச் செல்வோம். விண்ணை நோக்கி எழுந்து, வளைந்து, மீண்டும் மண்ணில் இறங்கும் மாபெரும் எஃகு வளைவு ஒன்று அங்கே நிற்கிறது. அதன் உயரம் 630 அடி. அடியில் அகலமும் 630 அடியே. 1803-இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய பரந்த நிலப்பரப்பை நாடிச் சென்றோர் பலரும் இந்நகரின் வழியாகச் சென்றனராதலின், அதன் நினைவாக எழுப்பப்பட்டது இவ்வளைவு. இதனை வரைந்தவர் ஈரோ சாரினென் என்னும் கட்டடக் கலைஞர். 1965 அக்டோபர் 28 அன்று உச்சியில் இறுதித் துண்டு பொருத்தப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை, 1961-லேயே காலமாகிவிட்டார். ஐவர் அமரக்கூடிய சிறு கூண்டுகள் வளைவின் உட்புறமாகவே ஏறி, ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் நம்மை உச்சிக்குக் கொண்டுசேர்க்கின்றன. அங்குள்ள சிறு சாளரங்களின் வழியே ஒருபுறம் ஆறும் மறுபுறம் நகரும் கண்கொள்ளாக் காட்சியாக விரியும். இதற்குக் கட்டணம் உண்டு. குறுகிய இடத்தில் அஞ்சுவோர் கீழேயே தங்கி, நிலத்தடியில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தைக் கட்டணமின்றிக் காணலாம்.

இவ்வளவு பெரிய வாயிலைக் கட்டும் பணியிலே, தேர்ச்சிபெற்ற தொழிலாளருக்குரிய வேலைகள் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டன. 1964 ஜூலையில், கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவருமாக இரு இளைஞர்கள் கட்டிமுடியாத அவ்வளைவில் 125 அடி உயரம் ஏறி நின்று, அந்த அநீதியைக் கண்டித்தனர்.

வளைவின் அருகிலேயே 1834-இல் கட்டிமுடிக்கப்பட்ட பழைய பேராலயம் உள்ளது. வளைவுக்கு இடம் வேண்டி ஆற்றங்கரைத் தெருக்கள் பலவும் இடிக்கப்பட்டபோது, இவ்வாலயம் மட்டும் இடிக்கப்படாமல் காக்கப்பட்டது. சிறிது நேரம் அங்கே முழந்தாளிட்டுச் செபித்தபின், எதிரே தெரியும் பழைய நீதிமன்றத்துக்குச் செல்வோம். பச்சைக் குவிமாடம் கொண்ட இக்கட்டடம் இன்று ஓர் அருங்காட்சியகம். செப்பனிடும் பணிகள் நிறைவுற்று 2025 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

ட்ரெட் ஸ்காட், அவர் மனைவி ஹாரியட் என்னும் இரு கறுப்பின அடிமைகள், அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதியில் தாங்கள் வாழ்ந்ததைச் சுட்டி, விடுதலை கோரி 1846-இல் வழக்குத் தொடுத்தது இந்நகரிலேதான். 1850-இல் இக்கட்டடத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. இறுதியில் 1857-இல், கறுப்பர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே இயலாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டில் வேறொருவர் அவர்களைத் தம் பொறுப்பில் பெற்று விடுவித்தார். விடுதலைபெற்ற ஸ்காட் அடுத்த ஆண்டே இறந்தார். அவருடைய உடல் 1867-இல் கால்வரி என்னும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி அடக்கம் செய்யப்பட்டது. ஆயினும் 1957 வரை அங்கே பெயர் பொறித்த கல்லில்லை. இன்று அங்கு வருவோர், அடிமைகளின் விடுதலைக்கு ஆணையிட்ட லிங்கனின் உருவம் பொறித்த ஒரு சென்ட் நாணயங்களைக் கல்லின்மீது வைத்துச் செல்கின்றனர். பிள்ளைகளுடன் அவசியம் செல்லவேண்டிய இடம் இது.

நிற்க. பிள்ளைகளின் கால்கள் துள்ளுவதற்கும் இடம் வேண்டுமன்றோ? பழைய காலணித் தொழில் நிறுவனமொன்றின் கட்டடத்தில், 1997-இல் திறக்கப்பட்டது 'சிட்டி மியூசியம்'. இடிக்கப்பட்ட கட்டடங்களின் பகுதிகளையும் பழம்பொருள்களையும் கொண்டு குகைகளும் ஏறுதளங்களும் அமைத்திருக்கிறார்கள். பத்து மாடி உயரத்திலிருந்து சறுக்கிவரும் சறுக்குமரமும் உண்டு. இங்கே நுழைவுக் கட்டணம் செலுத்தவேண்டும்.

மறுநாள் நகரின் மேற்கிலுள்ள ஃபாரஸ்ட் பார்க் என்னும் பூங்காவுக்குச் செல்வோம். 1,300 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவில்தான் 1904-இல் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்கென எழுப்பப்பட்ட மாளிகைகளுட் பெரும்பாலானவை தற்காலிகமானவை. எஞ்சியவற்றுள் ஒன்றே இன்றைய ஓவிய அருங்காட்சியகம். பறவைகளுக்காக அப்போது அமைத்த பெருங்கூண்டு இன்றைய மிருகக்காட்சிசாலையில் இன்னும் இருக்கிறது. அதனுள்ளே நாம் நடந்து செல்லலாம். ஓவியக்கூடம், மிருகக்காட்சிசாலை, மிசௌரி வரலாற்று அருங்காட்சியகம், நெடுஞ்சாலைக்கு மேலாகப் பாலம் அமைத்துக் கோளரங்கத்துடன் இணைத்த அறிவியல் மையம் ஆகிய நான்கிலும் பொது நுழைவுக்குக் கட்டணமே இல்லை. வெளிநாட்டவராகிய நமக்கும் இல்லை.

இது எவ்வாறு இயலுகிறது? 1971-இல் இந்நகர மக்களும் சுற்றுப்புற மாவட்ட மக்களும் வாக்களித்து, தம் சொத்துவரியின் ஒரு சிறு பகுதியை இத்தகைய இடங்களுக்கு ஒதுக்க இசைந்தனர். வீடுதோறும் கொடுக்கும் அச்சிறு தொகையே எல்லாருக்கும் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அதற்கும் முன்னரே 1916-இல், மிருகக்காட்சிசாலையின் முதல் யானையைப் பள்ளிச் சிறுவர்கள் சில்லறைக் காசு சேர்த்து வாங்கிக்கொடுத்தனர். அந்த யானையின் பெயர் 'மிஸ் ஜிம்'. கட்டணமில்லை என்றால் செலவில்லை என்று பொருளன்று. நமக்காக மற்றொருவர் அச்செலவை ஏற்றுக்கொண்டார் என்பதே பொருள்.

எனினும் இதே பூங்காவிலேதான் மனிதரை மனிதர் காட்சிப்பொருளாக்கிய கொடுமையும் நடந்தது. 1904-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பீன்ஸ் நாட்டவர் கொண்டுவரப்பட்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின்முன் வாழவைக்கப்பட்டனர். காங்கோ நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்பவர், இரண்டாண்டுகள் கழித்து நியூயார்க் மிருகக்காட்சிசாலையிலேயே குரங்குகளிடையே நிறுத்தப்பட்டார். பொருட்காட்சியின் தலைவாயில் இருந்த இடத்தில், அதில் கிடைத்த வருவாயைக்கொண்டு எழுப்பப்பட்ட கட்டடமே வரலாற்று அருங்காட்சியகம். அந்த விழாவின் பெருமையோடு அதன் இழிவையும் இன்று அங்கே எடுத்துக்காட்டுகின்றனர்.

பூங்காவிலிருந்து சிறிது தொலைவில் இன்றைய பேராலயம் விளங்குகிறது. உள்ளே நுழைந்ததும் சுவரும் விதானமும் பொன்னொளி வீசும். 4 கோடியே 15 இலட்சம் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய மொசைக் சித்திரங்கள் அவை! 1912-இல் தொடங்கிய பணி 1988-இல்தான் நிறைவுற்றது. தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. முடித்தவர் தொடக்கத்தைக் கண்டிலர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1999 ஜனவரியில் இந்நகருக்கு வந்தபோது, மரணதண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதிக்காக ஆளுநரிடம் பரிந்து பேசினார். அக்கைதியின் உயிர் காக்கப்பட்டது.

இந்நகரின் பேராயராயிருந்து பின்னர் கர்தினாலாக உயர்ந்த ஜோசப் ரிட்டர், 1947-இலேயே கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் பிரிவினையை ஒழித்தார். நாட்டின் உச்ச நீதிமன்றம் பொதுப்பள்ளிகளில் அதைச் சட்டவிரோதமெனக் கூறியது அதற்கு ஏழாண்டுகள் பின்னர்தான். சில பெற்றோர் வழக்குத் தொடரப்போவதாக மிரட்டியபோது, அவ்வாறு செய்வோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று அவர் எச்சரித்தார். எதிர்த்தவர்களும் நாள்தோறும் திருப்பலி காண்பவர்களாகவே இருந்திருக்கலாம். கதவை அடைப்பதற்குப் பக்தி தடையாக இருப்பதில்லை.

வின்சென் காட்டிலே ஓக் மரத்தடியில் அமர்ந்து, வாயிற்காவலர் தடையின்றி வந்த எளியோரின் வழக்குகளைக் கேட்டவர் என்று புனித லூயிஸ் மன்னரைப் போற்றுகிறோம். ஆயினும் யூதரின் மறைநூல்கள் பாரீசில் எரிக்கப்பட்டதும் அவருடைய ஆட்சியிலேதான். ஆகவே, பெயரளவில் எவரும் திறந்த வாயிலாகிவிட முடியாது.

அன்பு வாசகர்களே, சாதிக்கொரு கல்லறைப் பகுதியென்று சுவர் எழுப்பி, இறந்தோரையும் பிரித்துவைத்த ஊர்கள் நம்மிடையேயும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகருக்குச் செல்ல எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்காது. ஆனால் நம் பங்கில் எந்தக் கதவு யாருக்கு அடைபட்டிருக்கிறது, அதைத் திறக்க நாம் கொடுக்கவேண்டிய காசு எவ்வளவு என்று இன்றிரவு குடும்பச் செபத்துக்குப்பின் பிள்ளைகளோடு அமர்ந்து பேச எவருக்கும் பயணச்சீட்டு வேண்டியதில்லை.